சட்டம் வேண்டாம் என்றது, படை வா என்றது: வால்டர் டல்லின் கதை

1909 அக்டோபர் தொடக்கத்தில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி பிரிஸ்டல் சிட்டியோடு ஆட அந்த ஊருக்குப் போனது. முன்கள வரிசையில் வால்டர் டல் என்ற இருபத்தொரு வயது இளைஞர். அப்பா பார்படோஸ்காரர், அம்மா இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பெண். களத்தில் இருந்தவர்களில் நிறத்தால் தனித்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரைக் குறிவைத்து வசைபாடியது.

அடுத்த வாரம் 'ஃபுட்பால் ஸ்டார்' பத்திரிகையின் நிருபர் கொதித்துப்போய் எழுதினார். லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் கேட்கும் பேச்சைவிடக் கீழான பேச்சு, கோழைகளின் வேலை என்றார். கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் கூடிய இடத்தில் இப்படிக் கத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். திறமையைப் பார்த்தால் அன்று ஆடிய முன்கள வீரர்களிலேயே டல்தான் சிறந்தவர் என்றார். கடைசியில் ஒரு பாராட்டு: கால்பந்து ஆடும் வெள்ளைக்காரர் எல்லோருக்கும் இவர் ஒரு முன்மாதிரி. நல்ல மனிதர்தான், கோபமும் நியாயமான கோபம்தான். ஆனாலும் அளக்கிற கோல் யாருடையது என்பதை அந்தப் பாராட்டும் சொல்லிவிடுகிறது.

அந்த மாதத்துக்குப் பிறகு டாட்டன்ஹாம் முதல் அணிப் பட்டியலில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. ரிசர்வ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்புக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே 10, அடித்த கோல் 2. ஏன் ஒதுக்கினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளை யாரும் எழுதிவைப்பதும் இல்லை.

வார இறுதியில் கண்விழித்து டாட்டன்ஹாம் ஆட்டம் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கிளப்பின் பழைய வரலாற்றைப் புரட்டும்போதுதான் இந்த மனிதர் எதிர்ப்பட்டார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு வீரனின் கதையாக, தடைகளை உடைத்தவர் கதையாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. கால்பந்தில் கருப்பர் ஆடக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் அங்கே அவரைச் சத்தமில்லாமல் ஓரம் கட்டிவிட்டார்கள். ராணுவத்தில் கருப்பர் அதிகாரியாகக் கூடாது என்று அச்சிலேயே இருந்தது. ஆனால் அங்கே அவரை அதிகாரியாக்கினார்கள். இரண்டையும் செய்தது ஒரே நாடு, எட்டு வருஷ இடைவெளியில்.

வால்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனில். அப்பா டேனியல் தச்சர். டேனியலின் பெற்றோர் தலைமுறை பார்படோஸின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த தலைமுறை. அவர் கப்பலேறி வந்து, ஃபோக்ஸ்டனில் வேலை தேடிக்கொண்டு, ஆலிஸ் பாமர் என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வால்டருக்கு ஏழு வயதாகும்போது ஆலிஸ் இறந்துபோனார். வீடு நிறையக் குழந்தைகள். ஆலிஸின் உறவுப் பெண்ணான கிளாராவை டேனியல் மறுமணம் செய்தார். நம் வீடுகளிலும் கேள்விப்பட்ட ஏற்பாடுதான். இரண்டு வருஷத்தில், 1897இல், டேனியலும் போய்விட்டார். இத்தனை பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கிளாராவால் காப்பாற்ற முடியவில்லை. வால்டரையும் அண்ணன் எட்வர்டையும் லண்டன் பெத்னல் கிரீனில் மெத்தடிஸ்ட் சபையினர் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள்.

அந்த இல்லத்துப் பையன்களின் பாடற்குழு ஊர் ஊராகப் போய்ப் பாடி நன்கொடை திரட்டும். எட்வர்டுக்கு நல்ல குரல். கிளாஸ்கோவில் அவர் பாடியதைக் கேட்ட வார்னாக் என்ற குடும்பம் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. அந்த வீட்டின் தொழில் பல் வைத்தியம். எட்வர்டும் படித்துப் பல் மருத்துவரானார். பிரிட்டனில் பதிவுபெற்ற முதல் கருப்பினப் பல் மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும், நீ இங்கே உட்கார்ந்தால் என் தொழில் ஒரே நாளில் படுத்துவிடும் என்று வைத்தியர் அலறினாராம். அண்ணனுக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. தம்பி இல்லத்திலேயே தங்கி அச்சுத் தொழில் பழகினார். இல்லத்தின் அணியில் கால்பந்தும் ஆடினார்.

1908இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரே பருவத்தில் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை, லண்டன் சீனியர் கோப்பை, லண்டன் கவுண்டி அமெச்சூர் கோப்பை என்று மூன்றையும் கிளாப்டன் தூக்கியது. டாட்டன்ஹாம் கண்ணில் பட இது போதாதா? 1909 கோடையில் அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். திரும்பியதும் தொழில்முறை ஒப்பந்தம்: கையெழுத்துக்கு 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. அன்றைய விதிப்படி ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்சத் தொகையே அதுதான். அதாவது அவரைக் கிளப் குறைவாக மதிப்பிட்டதாகச் சொல்ல முடியாது. முதல் சில ஆட்டங்களில் பத்திரிகைகளும் அவருடைய பதற்றமில்லாத ஆட்டத்தையும் துல்லியமான பாஸையும் புகழ்ந்தன. ஓட்டத்தில் அவர் அத்தனை வேகமில்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அடுத்தவன் எங்கே ஓடுகிறான் என்று பார்க்கிற ஜாதி. அதன் பிறகுதான் பிரிஸ்டல்.

டாட்டன்ஹாம் அவரை அந்தக் கூச்சலிலிருந்து காப்பாற்ற நினைத்து ஒதுக்கியிருக்கலாம், கூச்சலுக்குப் பயந்தும் ஒதுக்கியிருக்கலாம். விளைவு என்னவோ ஒன்றுதான்: கத்தியவர்கள் கேட்டது கிடைத்தது. கேலரியில் உட்கார்ந்து நிறத்தையும் ஊரையும் சொல்லித் திட்டுகிறவர்களை நம் மைதானங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரைத் திட்டினார்களோ அவர் மட்டும் அடுத்த வாரமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

1911 அக்டோபரில் நார்த்தாம்டன் டவுன் அவரை வாங்கியது. நார்த்தாம்டன் தோல் தொழில் ஊர். பூட்ஸ் தைப்பதுதான் அங்கே பிழைப்பு. கிளப்பின் செல்லப்பெயரே 'காப்லர்ஸ்'. மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் லீக் சாம்பியன்களாக்கிய அதே சாப்மன். ஆளைப் பார்த்து இடம் போடுவதில் அவர் கெட்டிக்காரர். முன்களத்தில் ஆடிய வால்டரைச் சில காலத்தில் பின்னுக்கு இழுத்து ஹாஃப் பேக் ஆக்கினார். ஆட்டத்தைப் பின்னாலிருந்து படித்துப் பந்தை முன்னே அனுப்புகிற இடம், அவருக்கென்றே அமைந்த இடம். அதற்கு முன்பே பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டிருந்தார். வேறு கிளப்தான், ஆனாலும் பிரிஸ்டல் என்ற பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நார்த்தாம்டனுக்காக 110 ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடினார். அவரது கால்பந்து வாழ்க்கையில் நிம்மதியான வருஷங்கள் என்றால் இவைதான்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. கால்பந்து லீக் நிற்கவில்லை. பையன்கள் பிரான்சில் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகளும் பிரமுகர்களும் தூற்றினார்கள். இந்த ஏச்சைச் சமாளிக்கத்தான் டிசம்பர் 15 அன்று லண்டன் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் கூட்டம் போட்டு, கால்பந்துக்காரர்களுக்கென்றே ஒரு பட்டாலியன் தொடங்கினார்கள்: மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17வது பட்டாலியன், மக்கள் வாயில் ஃபுட்பால் பட்டாலியன். அதே மாதம் வால்டர் பெயர் கொடுத்துவிட்டார். நார்த்தாம்டன் அணியிலிருந்து முதலில் சேர்ந்தவர் அவர்தான். பயிற்சிக் காலத்தில் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய்வர அனுமதி உண்டு. படையோடு பிரான்சில் இறங்கும்போது, 1915 நவம்பரில், அவர் தோளில் சார்ஜென்ட் பட்டை ஏறியிருந்தது.

1916 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மூன்று வாரமாகப் போர்முனைக்குப் பின்னால் ஓய்வு, இனி ஒரு மாதம் பதுங்குகுழிக்குப் போகிறோம் என்கிறார். ஓய்வு என்ற பெயரில் இங்கே இருப்பது சலிப்பாக இருக்கிறது, பையன்களில் பெரும்பாலோர் பதுங்குகுழியின் பரபரப்பையே விரும்புகிறார்கள் என்றும் எழுதுகிறார். இப்படி எழுதியவரை அதே வருஷம் மே மாதம் மனம் கலங்கிய நிலையில் ஊருக்கு அனுப்பினார்கள். மருத்துவக் குறிப்பில் இருந்த பெயர் 'அக்யூட் மேனியா'. ஷெல் ஷாக் என்று பேச்சுவழக்கில் சொன்ன அதே நோய். குண்டு விழும் ஓசையில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கை நடுக்கம், தூக்கமின்மை, பேச்சே நின்றுபோவது என்று என்னென்னவோ வந்தது. வால்டரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் இந்த நான்கு மாதத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் பயமறியாதவர் என்று காட்ட நினைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். மறுபடியும் அங்கேயே போக வேண்டும் என்று தெரிந்தும் செப்டம்பரில் போன மனிதருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பது நன்றாகவே தெரியும்.

பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில் நடந்த சொம் போரின் பிற்பகுதியில் இருந்தார். டிசம்பரில் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து மறுபடி இங்கிலாந்து. இந்தத் தடவை குணமானதும் நேராக முனைக்கு அனுப்பவில்லை. 1917 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸில் இருந்த அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

விதி என்ன சொன்னது? 1914ஆம் ஆண்டு ராணுவச் சட்டக் கையேட்டின்படி கருப்பினத்தவரும் நிறமுள்ளவர்களும் படையில் சேரலாம், கௌரவப் பதவி பெறலாம், ஆனால் உண்மையான கட்டளை அதிகாரம் செலுத்தக் கூடாது. ஸ்பெஷல் ரிசர்வ் என்ற துணைப் படையில் அதிகாரியாக விரும்புவோருக்கான வழிகாட்டி இன்னும் வெளிப்படை: விண்ணப்பிப்பவர் கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும். 1917 மே 30 அன்று வால்டர் டல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். எந்தப் பிரிவில்? அதே ஸ்பெஷல் ரிசர்வில்.

யாருக்கோ திடீரென்று ஞானோதயம் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. 1916 ஜூலை 1, சொம் போரின் முதல் நாள் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர் 19,000க்கு மேல். படையை முன்னின்று நடத்திய இளம் அதிகாரிகள் முதலில் விழுந்தார்கள். நல்ல பள்ளியில் படித்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அதிகாரியாக்குவது என்ற வழக்கம் கட்டுப்படியாகாமல் போனது. முனையில் பழகிய, ஆட்களை வைத்து வேலைவாங்கத் தெரிந்த சார்ஜென்ட்டுகளைத் தேடினார்கள். வால்டரின் மேலதிகாரிகள் அவர் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள், அவர்கள் பரிந்துரைத்தார்கள். கையேட்டை யாரும் திருத்தவில்லை. பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. அதே போரில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இருந்தார்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை உட்பட. முப்பது வருஷம் சேவை செய்து சுபேதார் மேஜராகி நரைத்துப்போனவர்கூட, நேற்று வந்த வெள்ளைக்கார செகண்ட் லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். அரசரின் கமிஷன், அதாவது முழு அதிகாரிப் பதவி, இந்தியர்களுக்கும் உண்டு என்று லண்டன் அறிவித்தது 1917 ஆகஸ்டில், வால்டர் அதிகாரியாகி மூன்று மாதம் கழித்து. முதலில் அதைப் பெற்றவர்கள் ஒன்பது பேர். ஆள் பஞ்சம் வரும்போதெல்லாம் கொள்கை கொஞ்சம் நெகிழ்ந்திருக்கிறது.

அதிகாரியான வால்டர் 23வது மிடில்செக்ஸுக்குப் போனார். அது இரண்டாவது ஃபுட்பால் பட்டாலியன். பெல்ஜியத்தில் மெசினிஸ் போர், பிறகு பாஷன்டேல் போர்க்களத்தின் சேறு. இலையுதிர் காலத்தில் இத்தாலியப் படை கபரெட்டோவில் உடைந்து ஓடியதும், முட்டுக்கொடுக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படைகளோடு இத்தாலிக்கு ரயிலேறினார்.

பியாவே ஆறு. ஆல்ப்ஸ் பனி உருகி வரும் தண்ணீர், மார்புவரை ஆழம், இழுப்பு அதிகம். அக்கரையில் ஆஸ்திரியப் படை. 1918 ஜனவரி 1 இரவு ஒரு திடீர்த் தாக்குதல். முதலில் ஆற்றில் இறங்கியவர்களில் வால்டரும் ஒருவர். பிறகு 26 பேரை அக்கரைக்குக் கூட்டிப்போய், முக்கியப் படைக்குக் காவலாக நிறுத்தி, கடுமையான சுடுதலுக்கு நடுவில் அத்தனை பேரையும் ஒரு காயம்கூட இல்லாமல் திருப்பிக் கூட்டிவந்தார். டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபர்ட் அவருடைய துணிச்சலையும் நிதானத்தையும் குறிப்பிட்டுப் பாராட்டினார். டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் பத்திரிகைக்காரர்கள் பார்த்த அதே குணம்தான்.

அந்த 26 பேரில் பெரும்பாலோர் தொழிலாளர் வீட்டு வெள்ளைக்காரப் பையன்கள். அவர்களில் யாராவது பத்து வருஷத்துக்கு முன் ஏதாவது ஒரு கேலரியில் நின்று கத்தியவராக இருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. வெறும் ஊகம்தான். ஆனால் அந்த இரவில் எப்போது இறங்கு, எப்போது படு, எப்போது திரும்பு என்று சொன்ன குரல் வால்டருடையது. கையேடு எதை நடக்கவே கூடாது என்றதோ அது பனித்தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது, யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

மார்ச்சில் டிவிஷன் பிரான்சுக்குத் திரும்பியது. 21ஆம் தேதி ஜெர்மனி தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்க, பிரிட்டிஷ் வரிசை மைல்கணக்கில் பின்வாங்கியது. 25ஆம் தேதி பபோம் நகருக்கு அருகே ஃபாவ்ரோய் கிராமத்துப் பக்கம் வால்டர் சுடப்பட்டு விழுந்தார். முப்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருடைய ஆட்கள் உடலை மீட்கப் பார்த்தார்கள். அதில் ஒருவர் டாம் பில்லிங்ஹாம், லெஸ்டர் ஃபாஸ் கிளப்பின் முன்னாள் கோல்கீப்பர். ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டதால் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. உடல் பிறகு கிடைக்கவே இல்லை. அராஸ் நினைவகச் சுவரில், கல்லறை இல்லாத சுமார் 35,000 பேரோடு அவர் பெயரும் இருக்கிறது.

கிளாஸ்கோவில் இருந்த எட்வர்டுக்கு பட்டாலியனின் சக அதிகாரி பிக்கர்ட் கடிதம் எழுதினார். பட்டாலியன் முழுக்க அவரை எவ்வளவு விரும்பியது, தளபதிக்கு அவர்மேல் எத்தனை நம்பிக்கை என்றெல்லாம் சொல்லிவிட்டு, போர்க்களத் துணிச்சலுக்கான மிலிட்டரி கிராஸ் விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள், அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர் என்கிறார். தனிப்பட்ட முறையில் நான் ஒரு நண்பனை இழந்தேன் என்றும் எழுதுகிறார்.

பிறகு எழுபது எண்பது வருஷம் ஏறக்குறைய யாருக்கும் நினைவில்லை. ஃபில் வாசிலி என்ற வரலாற்று ஆய்வாளர் பழைய காகிதங்களைத் தோண்டி அவரை வெளியே கொண்டுவந்தார். 1999இல் நார்த்தாம்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே நினைவுச் சுவர் எழுந்தது. அங்கே போகிற சாலைக்கு இப்போது அவர் பெயர்.

நினைவு திரும்பியதும் கூடவே 'முதல்' என்ற பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் படையின் முதல் கருப்பின அதிகாரி என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது சரியில்லை. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915 மே மாதமே பீரங்கிப் படையில் அதிகாரியானவர். விண்ணப்பத்தில் கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளியா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிவிட்டுப் போனவர் அவர். 1916 டிசம்பரில் பிரான்சில் இறந்தார். இன்னொரு ஜமைக்காக்காரர் டேவிட் கிளெமெட்சன் 1915 அக்டோபரில் அதிகாரியானார். தொழில்முறைக் கால்பந்தின் முதல் கருப்பர் என்ற பட்டமும் வால்டருடையது அல்ல, அது கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டனுடையது. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெமண்டும் கிளெமெட்சனும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வால்டர் அநாதை இல்லத்திலிருந்து வந்து, சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜென்ட்டாகி, அங்கிருந்து மேலே வந்தவர். அவர் ஏறிய படிகளே வேறு. பட்டப்போட்டியில் அதை யாரும் கவனிப்பதில்லை.

மிலிட்டரி கிராஸ் கடைசிவரை வரவில்லை. அதைக் கொடுக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்கள்வரை சேர்ந்து இயக்கம் நடத்தினார்கள். அரசுத் தரப்பின் பதில், பரிந்துரைக்கான ஆவணம் எதுவும் இல்லை என்பது. ஒரு நூற்றாண்டு கழித்து எல்லோருக்கும் விருதுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் முடிவே இல்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பிரான்சில் தகுதியிருந்தும் பேர் விடுபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் ஆவணம் இல்லை என்பதை மட்டும் என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. பரிந்துரையை மேலே அனுப்பியிருந்தால், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் முன்னால் ஒரு சங்கடமான கேள்வி வந்திருக்கும்: கட்டளையிடவே கூடாதவர் கட்டளையிட்டதற்கு விருது கொடுத்தால், அந்த விவரம் அரசிதழில் அச்சாகுமே? தாளைக் கிழித்தார்களா, மார்ச் மாதப் பின்வாங்கலில் அது தொலைந்ததா, யாரும் எழுதவே இல்லையா, எதுவாகவும் இருக்கலாம். பிக்கர்ட் சொன்னது பொய் என்று நினைக்க மட்டும் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கொடுப்பதாக இருந்தால் அந்த பியாவே இரவுக்காகக் கொடுக்கட்டும், லாஃபர்ட் எழுதிய வார்த்தைகளையே சான்றாக வைத்துக்கொண்டு. அந்தத் தாள் தொலையவில்லையே.